மண்ணாங்கட்டியின் தொண்டை

கடவுள்மேல் மண்ணாங்கட்டிக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. "ஆள் கெட்டிக்காரரு, நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா தொண்டையில கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு" என்பார்.

திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்றிலும் போர்வெல்லிலும் எரிந்துபோன மோட்டார்கள் அங்கே வரும். உள்ளே கருகிய செப்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பார். பக்கத்துக் கடை என்னுடைய ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு சுவர்தான். என் பெயர் அவருக்குத் தெரியும், ஆனாலும் ஜெராக்ஸு என்றுதான் கூப்பிடுவார்.

அவரைப் பெரிய மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன். அவர் கட்டிய மோட்டார்களில் சில திரும்பி வந்ததுண்டு. வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு, "இது என் தப்பு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். அதனால்தானோ என்னவோ, மற்றவர்களின் தப்பையும் அதே குரலில் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று நினைத்தார். கடவுளையும் அதில் விட்டுவைக்கவில்லை.

தொண்டையைப் பற்றிய யோசனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கும்போது அவருக்கு வந்தது. உரித்துத் தொங்கவிட்டிருந்த ஆட்டின் கழுத்தில் இரண்டு குழாய்கள் தெரிந்தன. முன்னால் இருந்தது காற்றுக்கு, பின்னால் இருந்தது தீனிக்கு. ஆனால் மூக்கு மேலே இருக்கிறது, வாய் கீழே இருக்கிறது. அப்படியானால் காற்றும் சோறும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போயாக வேண்டும்.

"ஒரு போர்ல காத்து லைனையும் தண்ணி லைனையும் ஒரே எடத்துல குறுக்க வுட்டுட்டு வந்தேன்னு வெச்சிக்கோ. பிரம்மதேசத்து ஊர்க்காரங்க என்னை சும்மா வுடுவாங்களா?" என்று அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டார்.

உள்ளே காயிலுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ரோஜா தலையைத் தூக்கவில்லை. "சாமி வேலையில குத்தம் பாக்க நீ இன்னா அவருக்கு மேஸ்திரியா?"

"மேஸ்திரி இல்ல. ஆனா அந்தக் குழாய வெச்சிக்கினு இருக்கறவன் நானு. கேக்கக் கூடாதா?"

"ஆண்டவரு மனுசனை மண்ணுல செஞ்சாருன்னு பைபிள்ல போட்டிருக்கு. இதை மட்டும் செய்யாம கட்டியாவே வுட்டுட்டாரு" என்று ரோஜா என்னைப் பார்த்துச் சொன்னார்.

மண்ணாங்கட்டி என்ற பெயர் அவர் அம்மா வைத்தது. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதுக்கு யாரும் ஆசைப்படாத ஒரு பெயரை வைத்தால் எமனும் ஆசைப்பட மாட்டான் என்று இந்தப் பக்கத்தில் செய்வதுதான். அவர் தங்கிவிட்டார், அதனால் பெயரும் தங்கிவிட்டது.

உடம்பைப் பார்த்து வியந்து, இதைத் திட்டம் போட்டுச் செய்தவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று வாதிடுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணை எடுத்துக்கொள்வார்கள். மறுக்கிறவர்கள் முதுகெலும்பையும் கடைவாய்ப் பல்லையும் எடுத்துக்கொள்வார்கள். அவரவருக்குத் தோதான உறுப்பை அவரவர் பொறுக்கிக்கொள்வதால் இரு தரப்பிலும் எனக்கு நம்பிக்கை வந்ததில்லை. மண்ணாங்கட்டி எந்தத் தரப்பிலும் இல்லை. செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. வேலைதான் அவருக்குத் திருப்தி இல்லை.

கடையில் ஒரு எவர்சில்வர் சொம்பு உண்டு. அதில்தான் அவர் தண்ணீரும் மோரும் குடிப்பார், கரைத்த கூழும் குடிப்பார். வாய் வைத்துக் குடிக்க மாட்டார். அண்ணாந்துதான். நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் குடிக்கிறோம் என்றாலும் அவர் குடிப்பது தனி. கழுத்து முழுக்கப் பின்னால் போய்விடும். கை நீட்டின உயரத்திலிருந்து தண்ணீர் கம்பிபோல இறங்கும். சட்டையில் ஒரு சொட்டு விழாது. குடித்து முடித்ததும் சொம்பை ஒரு சத்தத்தோடு வைப்பார். அந்தச் சத்தம் சுவர் தாண்டி எனக்குக் கேட்கும்.

போன சித்திரையில் ஒரு காலை அந்தச் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இருமல் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குடித்த டீ மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. தலை சுற்றியது, விக்கல் நிற்கவில்லை, குரல் யாரோ கழுத்தைப் பிடித்திருப்பதுபோல் கம்மிப்போயிருந்தது. விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூளையின் அடித்தண்டில் சின்ன இரத்தக் குழாய் ஒன்று அடைத்துவிட்டது என்றார்கள். கை கால் பிழைத்துக்கொண்டது. விழுங்குவதுதான் போய்விட்டது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாயைப் போட்டு, அதில் கஞ்சி ஊற்றச் சொன்னார்கள்.

"பேசினியே பேசினியே. அவரு காதுல வுழுந்துடுச்சி" என்றார் ரோஜா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மண்ணாங்கட்டி கரகரத்த குரலில் என்னைக் கூப்பிட்டார். "பாத்தியா ஜெராக்ஸு. எந்த எடத்துல குத்தம் சொன்னேனோ அந்த எடத்துலயே கை வெச்சிட்டாரு."

விழுங்கப் பயிற்சி கொடுக்க அருணா என்று ஒரு பெண் வந்தார். வேலைக்கு வந்து சில வருடம்தான் இருக்கும், ஆனால் அவசரமே இல்லாத பெண். மண்ணாங்கட்டியின் தொண்டையில் விரல் வைத்து, எச்சிலை விழுங்கச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ரயில்வே கேட்டு பாத்திருக்கீங்க இல்ல ஐயா? தண்டவாளமும் ரோடும் குறுக்க போவுது. ரயில் வர்றப்ப கேட்டு மூடணும். நீங்க விழுங்குறப்ப மூச்சு நிக்கும், குரல்வளை மேல ஏறும், காத்துக் குழாய் மூடிக்கும். எல்லாம் கண்ணு சிமிட்டுற நேரத்துல நடக்கணும். உங்களுக்குக் கேட்டு லேட்டா மூடுது."

மண்ணாங்கட்டிக்கு நோயைவிட இது பெரிய செய்தியாக இருந்தது. "குறுக்க போவுதுன்னு நீயே சொல்ற. அப்ப டிசைன் தப்புன்னு ஒத்துக்கிறியாம்மா?"

"தப்பா ரைட்டான்னு எனக்கு எங்க ஐயா தெரியும்? கேட்டை நேரத்துக்கு மூட வைக்கிறதுதான் என் வேலை." கொஞ்சம் யோசித்துவிட்டு அருணா சொன்னார்: "மத்த மிருகத்தைவிட மனுசங்களுக்குக் குரல்வளை கீழ இறங்கி இருக்குதாம். அதனாலதான் நாம இவ்வளவு பேச முடியுது, அதனாலதான் புரையும் ஏறுதுன்னு சொல்றாங்க."

"அப்ப இதுக்கு முழங்கால் வரைக்கும் எறங்கியிருக்கும்" என்றார் ரோஜா.

மண்ணாங்கட்டி சிரிக்கப் போய் இருமினார். அருணாவும் சிரித்துவிட்டார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அந்த கேட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். பாதை நேராகப் போட்டிருந்தால் கேட்டே தேவையில்லை. பாதை கோணலாக அமைந்துவிட்டதால்தான் கேட் அவ்வளவு நுட்பமாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நாம் குறை என்று சொல்வதும் அதிசயம் என்று சொல்வதும் ஒரே இடத்தில், ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடியாமல் இருக்கின்றன. இதிலிருந்து செய்தவர் உண்டு என்றும் முடிக்க முடியவில்லை, இல்லை என்றும் முடிக்க முடியவில்லை.

அருணா சொன்ன வைத்தியம் எளிமையானது. தண்ணீர்தான் ஆபத்து, அது வேகமாக ஓடிவிடும். கெட்டியாக இருப்பது மெதுவாகப் போகும், கேட் மூட நேரம் கிடைக்கும். கேப்பைக் கூழ் போதும். அரிசி நொய் போடக் கூடாது. மாவு மட்டும் போட்டு, கட்டி இல்லாமல் காய்ச்ச வேண்டும். ஒரு வாய் எடுத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்துகொண்டு விழுங்க வேண்டும். அவருடைய தொண்டைக்குக் குனிந்தால் காற்றுக் குழாயின் வாய் சுருங்கும், நிமிர்ந்தால் திறந்துகொள்ளும். விழுங்கியதும் "ஆ" என்று சொல்ல வேண்டும். குரல் ஈரமாகக் கொழகொழவென்று வந்தால் உள்ளே போகக்கூடாத இடத்தில் கூழ் நிற்கிறது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் ரோஜா ஸ்பூனால் கொடுத்தார். அவர் குனிந்து விழுங்கினார். "ஆ" சுத்தமாக வந்தது. மூக்குக் குழாயோடே வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூழ் கொடுத்துப் பழக்குங்கள், நன்றாகப் போனால் குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள்.

வீட்டுக்குப் போனதும் இருமல் வந்தது. அப்புறம் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி, மறுபடியும் விழுப்புரம். இந்தத் தடவை டாக்டர் கண்டிப்பாகப் பேசினார். இன்னொரு முறை கூழோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அடுத்த முறை வரும்போது விழுங்கல் சரியாக இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டு நேராக அங்கேயே குழாய் வைத்துவிடலாம், வாய் வழியாக எதுவும் வேண்டாம் என்றார்.

அருணாவுக்குப் புரியவில்லை. "இங்க நல்லா விழுங்கினாரே. வீட்ல இன்னாம்மா பண்ணீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான் மேடம். நொய் போடல. கெட்டியாத்தான் காச்சினேன். தண்ணி ஒரு சொட்டு குடுக்கல."

"ஸ்பூன்ல குடுத்தீங்களா?"

"ஸ்பூன்ல குடுத்தா, நான் இன்னா கைக்குழந்தையான்னு சண்டைக்கு வர்றாரு. அதான் அவரு கையிலயே குடுத்துட்டேன். எப்பவும் குடிக்கிற மாதிரி குடிச்சாரு."

"எப்பவும்னா எப்படி? ஐயா, சும்மா காலி டம்ளரை எடுத்துக் காட்டுங்க."

மண்ணாங்கட்டி டம்ளரை எடுத்தார். கை உயர்ந்தது, கழுத்து பின்னால் போனது, வாய் திறந்தது. மூக்கிலிருந்து தொங்கிய குழாய் நெற்றிப் பக்கம் சரிந்தது.

அருணா அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். குனிந்து விழுங்க வேண்டும் என்று ரோஜாவிடம் பல முறை சொல்லியிருக்கிறார். ரோஜாவும் அதை மறக்கவில்லை. ஆனால் அண்ணாந்து குடிப்பதைத் தலையைத் தூக்குவதாக ரோஜா நினைக்கவே இல்லை. அதற்குப் பெயர் குடிப்பது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இதையெல்லாம் விளக்கிக் களைத்துப்போன அருணா தன் பாட்டிலைத் திறந்து அண்ணாந்துதான் தண்ணீர் குடித்தார். பாதியில் எங்கள் மூன்று பேர் பார்வையையும் பார்த்துவிட்டு மூடியை மூடினார்.

"சரி ஐயா. இனிமே வாய் வெச்சி, குனிஞ்சி குடிங்க. அவ்வளவுதான். குழாய் போயிடும்."

"குனிஞ்சி குடிக்க மாட்டேன்" என்றார் மண்ணாங்கட்டி.

"ஏங்க ஐயா?"

"மாட்டேன்னா மாட்டேன்."

ரோஜா அவரைத் தடுக்கப் போய் நிறுத்திக்கொண்டார். காரணம் அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. எனக்கு அன்றுதான் தெரியும்.

"மல்லாட்டைச் செடி புடுங்குற காலத்துல எங்கம்மா கூட கொல்லியில வேலைக்குப் போவேன்" என்று மண்ணாங்கட்டி மெதுவாகச் சொன்னார். குரல் கம்மியிருந்ததால் நாங்கள் கிட்டே போய்க் கேட்க வேண்டியிருந்தது. "தாகம்னு போனா நெலத்துக்கார அம்மா மேட்டுல நின்னுக்கினு சொம்பைத் தூக்கி ஊத்துவாங்க. நாங்க கீழ குனிஞ்சி கையைக் குவிச்சிக்கினு குடிக்கணும். சொம்பு எங்க மேல பட்டுடக் கூடாது. பாதித் தண்ணி முழங்கை வழியா ஒழுவிடும். எங்கம்மா குடிக்கறதைப் பாத்துக்கினு நிப்பேன். தலை மட்டுந்தான் தெரியும். மூஞ்சி தெரியாது. கடை போட்டப்ப நான் மொதல்ல வாங்கினது சொம்புதான். ஸ்பேனர்கூட அப்புறந்தான். அன்னிலேருந்து யாரு முன்னாடியும் நான் குனிஞ்சி குடிச்சதில்ல."

அருணா கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "நான் இன்னா சொல்றது ஐயா. தொண்டைக்கு அதெல்லாம் தெரியாதுங்களே."

"எனக்குத் தெரியுதே."

அதோடு நிற்காமல் சொன்னார்: "இந்தத் தொண்டைய செஞ்சவரு குனிஞ்சவனுக்குத்தான் வழி வெச்சிருக்காரு பாரு. அதுதான் எனக்குக் கோவம்."

திண்டிவனம் திரும்பினோம். கூழ் அப்படியே நின்றுபோனது. ரோஜா மூக்குக் குழாயின் முனையை உயரத் தூக்கிப் பிடித்து அதில் கஞ்சியை ஊற்றுவார். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் இருக்கும்போதே கேட்டார்: "இதுவும் ஒருத்தர் மேல நின்னுக்கினு ஊத்துறதுதான? வயித்துல ஓட்டை போட்டாலும் அதேதான?" ரோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஊத்துறதும் அவங்க ஊத்துனதும் உனக்கு ஒண்ணாயா?" என்று மட்டும் கேட்டார். மண்ணாங்கட்டி காதைச் சொறிந்தார். தப்பாகப் பேசிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சமாதானம் செய்கிற மாதிரியோ என்னவோ, மறுநாள் கடையைத் திறக்கலாம் என்றார். பிரம்மதேசத்து விவசாயி சுப்பராயலுவின் மோட்டார் வந்த நாளிலிருந்து கட்டாமலே கிடந்தது. கரும்பு காய்கிறது என்று அவர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருந்தார். கடை திறந்த சேதி எப்படியோ போய், வெயில் ஏறுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"மெக்கானிக்கு, ஒடம்பு தேவலையா? மோட்டாரு எப்ப ரெடியாவும்?"

"தேவலைங்க. கட்டிக்கினுதான் இருக்கறேன்."

மூக்குக் குழாயின் முனையைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, பெஞ்சில் மோட்டாரின் இரும்பு உருளையைச் சாய்த்து வைத்து, அதன் உள் பள்ளங்களில் செப்புக் கம்பியை இழை இழையாக இறக்கிக்கொண்டிருந்தார். கை தடுமாறவில்லை. எதிரே ரோஜா நூலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் இருந்தேன். ரோஜா நூல் கட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். நானும் திரும்பிப் பார்த்தேன். அவர் தாடை நெஞ்சில் பதிந்திருந்தது. அருணா காட்டிக் கொடுத்த அதே குனிவு, அச்சு அசலாக.

ரோஜா எழுந்து போய் ஒரு டம்ளரில் கூழோடு வந்தார். சொம்பில் இல்லை. டம்ளரை உருளைக்கு ஒட்டினாற்போல், அவர் முகத்துக்கு நேர் கீழே வைத்தார்.

"இத்தினி வருசமா மோட்டாருக்குக் குனியற. அதுக்கு எவ மேட்டுல நின்னு ஊத்தினா?"

மண்ணாங்கட்டி நிமிரவில்லை. கையிலிருந்த கம்பியை அந்தப் பள்ளத்தில் முழுக்க இறக்கி, மூங்கில் சக்கையைச் செருகி அடைத்தார். கம்பியை விட்டார். தலை இருந்த இடத்திலேயே இருக்க, டம்ளரை மட்டும் இழுத்து உதட்டில் வைத்தார். குரல்வளை மேலே ஏறியது; ஒரு நொடி அங்கேயே நின்றது; இறங்கியது.

"ஆ சொல்லு" என்றார் ரோஜா.

"ஆ."

கரகரப்புதான். ஈரம் இல்லை.

"இன்னொரு வாய்."

"இரும்மா. கம்பி நழுவுது."

ரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன நடக்கிறது என்று சுப்பராயலுவுக்குத் தெரியவில்லை. "கூழ் குடிக்கறப்பவும் வேலையப் பாக்கறாரே. அப்ப நாளைக்கு எடுத்துக்கலாமா?" என்றார்.

அதற்குப் பிறகு மண்ணாங்கட்டி மோட்டார் இல்லாமல் கூழ் குடிக்கவில்லை. இது வீம்பு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கழுத்து குனிவது ஒன்றுதான். எதைப் பார்த்துக் குனிகிறோம் என்பதில் தொண்டைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் விழுங்குகிறவர் தொண்டை மட்டும் இல்லையே.

விழுப்புரத்துக்குப் போகும் நாளில் மண்ணாங்கட்டி ஒயர் கூடையில் கருகிப்போன ஃபேன் மோட்டார் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். பஸ்ஸில் அது என் மடியில்தான் வந்தது. அருணா அறையில் அதை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒரு கம்பியை நெம்பிப் பார்ப்பதுபோல் குனிந்தார்.

"இது எதுக்கு ஐயா?" என்று அருணா கேட்டார்.

"கேக்காத மேடம்" என்றார் ரோஜா. "டம்ளரைக் குடு."

அருணா அவர் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகக் கவனித்தார். கெட்டிக் கூழ், அப்புறம் கொஞ்சம் தளர்ந்த கூழ். ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஆ". எல்லாம் காய்ந்த குரலிலேயே வந்தது. டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அருணா பிளாஸ்திரியை உரித்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, மூக்குக் குழாயை ஒரே இழுப்பில் உருவிவிட்டார். மண்ணாங்கட்டி இரண்டு தும்மல் போட்டார். மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தண்ணி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேணாம். மத்தபடி இதே மாதிரி குனிஞ்சிக்கினு சாப்பிடுங்க ஐயா. இந்த ஃபேன் மோட்டாரையும் வேணும்னா வெச்சிக்குங்க."

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, கூடையிலிருந்த தூக்கிலிருந்து மிச்சக் கூழை ரோஜா டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவர் ஃபேன் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய் எடுத்தார். அதை விழுங்குவதற்குள் ஏதோ ஞாபகம் வந்து என் பக்கம் கையைக் காட்டினார்.

"ஜெராக்ஸு, நல்லா யோசிச்சிட்டேன். டிசைன் தப்புதான், அதுல மாத்தம் இல்ல. ஆனா அந்தக் கேட்டு போட்டவரு வேற ஆளு. அவரு வேலை தெரிஞ்சவரு."

"வாயில கூழ வெச்சிக்கினு பேசாத" என்றார் ரோஜா. "முழுங்கு மொதல்ல. ஆ சொல்லு."